அண்ணன் போன பள்ளிக்கு

பத்தாம் வகுப்புப் படித்த வருடம் முழுக்க நான் என் அண்ணனுக்குப் பயந்துகொண்டிருந்தேன். அவன் கை ஓங்குகிறவன் இல்லை. சத்தம் போடுகிறவனும் இல்லை. வீட்டுக்குள் அவன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாது, அதுதான் பயம். துணி எடுக்க அறைக்குள் போனால் சுவரோரம் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருப்பான். மடியில் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகம் விரிந்து கிடக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்பான். என்னைவிட ஏழு வயது மூத்தவன், எனக்கு எழுந்து நிற்பான். நான் வெளியே போன பிறகுதான் உட்காருவான்.

மதுக்கரையில் எங்களுக்குச் சின்ன வீடு. அப்பா போத்தனூரில் லேத்துப் பட்டறை வைத்திருந்தார். பம்பு கம்பெனிகளுக்கு ஷாப்ட்டும் புஷ்ஷும் கடைந்து கொடுப்பார். அம்மா வீட்டையும் அண்ணனையும் பார்த்துக்கொண்டாள். இருபத்திரண்டு வயது ஆளைப் பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அவனுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் கையைத் தூக்குவான். அம்மா பார்த்துத் தலையாட்டும் வரை தூக்கியபடியே நிற்பான். அவள் அந்தப் பக்கம் திரும்பித் தாளித்துக்கொண்டிருந்தால் நின்றுகொண்டே இருப்பான். சோற்றை அள்ளி விழுங்கிவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கதவோரம் போய் நிற்பான். அவனுக்கு முன்னாலும் பின்னாலும் ஆட்கள் நிற்பதைப்போல அளவாக இடம் விட்டு நிற்பான். மாதம் ஒருமுறை அவனே சலூனுக்குப் போய் ஒட்ட வெட்டிக்கொண்டு வருவான். டாக்டர் கொடுத்த மாத்திரை தூக்கத்தைக் கொடுத்தது, வேறொன்றையும் மாற்றவில்லை.

இவன் ஒரு காலத்தில் சரியான வாயாடி. மட்டையைத் தூக்கிக்கொண்டு போனால் இருட்டினால்தான் வீடு திரும்புவான். படிப்பும் எப்படியோ வந்தது. பத்தாவது முடிக்கும் முன்பே நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியின் நுழைவுத் தேர்வில் பாஸ் பண்ணிப் பதினொன்றாம் வகுப்புக்குப் போனான். அங்கே வாராவாரம் பரீட்சை. மார்க் வந்ததும் செக்‌ஷனை மாற்றுவார்கள். ஏறினால் மேல் செக்‌ஷன், இறங்கினால் பையைத் தூக்கிக்கொண்டு கீழ் செக்‌ஷன். முதல் செக்‌ஷனில் உட்கார்ந்தவன் படிப்படியாக இறங்கினான். லீவுக்கு வரும்போதெல்லாம் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. படிக்கிற பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் பெருமைப்பட்டோம்.

பன்னிரண்டாம் வகுப்பின் நடுவில் பள்ளியிலிருந்து போன் வந்தது. பையனுக்கு உடம்பு சரியில்லை, கொஞ்ச நாள் வீட்டில் வைத்திருங்கள் என்றார்கள். அப்பா போய்க் கூட்டி வந்தார். அங்கே என்ன நடந்தது என்று அவர்களும் சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊர் மரியாதை உலகப் புகழ் பெற்றது அல்லவா? ஒருத்தன் கழுத்தைப் பிடித்து நெரித்தால்கூட, ‘ஏனுங்க, கொஞ்சம் தள்ளிப் பிடிங்க’ என்று கேட்கிற மரியாதை. கொஞ்ச நாள் என்றார்கள். அவன் திரும்பப் போகவே இல்லை.

அதே பள்ளிக்குத்தான் என்னைத் தயார் செய்தார்கள்.

கேட்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். எங்கள் சொந்தத்துக்குள் அது நியாயமாகத்தான் இருந்தது. உறவில் இரண்டு பேர் அங்கே படித்து டாக்டர் ஆகியிருந்தார்கள். அவர்கள் டாக்டர் ஆனதற்குப் பள்ளி காரணம். அண்ணன் இப்படி ஆனதற்கு அண்ணன் காரணம். கல்யாண வீடுகளில் அப்பாவைத் தள்ளி நிறுத்தி, “பையன் எப்படி இருக்கறானுங்க?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். அப்பா, “பரவால்லீங்க” என்று சொல்லிவிட்டு உடனே, “அம்மணி நல்லாப் படிக்குதுங்க” என்பார். அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்வதற்காகவே நான் படிக்க வேண்டியிருந்தது.

“உனக்கு நெஞ்சுரம் எச்சு கண்ணு,” என்று அப்பா என்னிடம் சொன்னார். “அவன் எளகின மனசு. நீ தாக்குப்பிடிச்சுப்போடுவ.”

அண்ணன் கேட்கிற தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

இங்கே பூக் கேட்ட கதையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் பெண் பார்ப்பதா, கிணறு வெட்டுவதா, எதுவானாலும் குலதெய்வக் கோயிலில் பூக் கேட்டுவிட்டுத்தான் செய்வார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்துக் கட்டி, பூசாரி அம்மன் முன்னால் போடுவார். விவரம் தெரியாத குழந்தை ஒன்று போய் ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் வேண்டாம். அண்ணனை அந்தப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று கேட்கப் போனபோது நான் மூன்றாம் வகுப்பு. கூட்டத்தில் நான்தான் சின்னவள். புதுப் பாவாடையோடு போய் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். சிவப்பு.

பெரியப்பா, “புள்ளை எடங்கையில எடுத்துப்போட்டாளுங்க,” என்றார். உண்மைதான், எனக்கு இடக்கைப் பழக்கம். அது செல்லாது என்று முடிவானது. இந்த முறை அப்பா என் இடது கையை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டார். வலது கையால் எடுத்தேன். மறுபடியும் சிவப்பு. கற்பூரம் அணைந்த பிறகு எடுத்ததால் அதுவும் செல்லாது என்றார்கள். அம்மா மட்டும், “ஏனுங்க, ரெண்டு தடவை சொல்லிப்போட்டதல்லங்க?” என்றாள். அப்பா திரும்பிப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டாள். மூன்றாவது முறை வெள்ளை வந்தது. எல்லாரும் என் தலையைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அண்ணன் என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினான்.

எனக்குப் பதினைந்து வயதில் சாமி மேல் பெரிய நம்பிக்கையெல்லாம் கிடையாது. இருந்தாலும் அந்தப் பொட்டலங்கள் கனவில் வந்தன. கனவில் இரண்டுமே சிவப்பாக இருக்கும், நான் எடுத்துக்கொண்டே இருப்பேன். பின்னால் அண்ணன் சிரித்துக்கொண்டு நிற்பான், பழைய சிரிப்பு. விழித்துப் பார்த்தால் அடுத்த அறையில் அவன் பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்கும்.

சனி, ஞாயிறுகளில் உக்கடத்தில் கோச்சிங். பேக்கரிக்கு மேல் மாடியில் ஒரு ஹால். கீழே பப்ஸ் வேகிற வாசனை, மேலே இருபடிச் சமன்பாடு. பஸ்ஸில் குனியமுத்தூர், ஆத்துப்பாலம் தாண்டும்வரை வாய்ப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போவேன். விடைத்தாளில் வட்டத்தை எப்படி நிரப்புவது என்றே ஒரு வகுப்பு முழுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு தடவை நிரப்பினால் நிரப்பினதுதான், அழித்தால் மெஷின் எடுக்காது என்றார் கோச்சிங் சார். எங்கள் அம்மனுக்கு மட்டும் மூன்று சான்ஸ் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவள் ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டாள்.

தேர்வுக்கு முன் அப்பா ஒருநாள், “அம்மணிக்கும் ஒருக்கா பூக் கேட்டுறலாமா?” என்று ஆரம்பித்தார்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். “வேண்டாமுங்க,” என்றாள்.

“ஏன்?”

“கேட்டா சொல்லிப்போடுமுங்க. சொன்னா கேக்கோணுமுங்க.”

அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். எனக்கு அம்மா மேல் ஆத்திரமாக வந்தது. இவ்வளவு தெரிந்தவள் போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லலாம் அல்லவா? அம்மாவிடம் கேட்டேன். “எனக்கு என்ன தெரியும் கண்ணு? இங்க வெச்சிருந்து உன்னையும் வீணாக்கிப்போட்டேன்னு நாளைக்கு நீயே சொல்லுவ,” என்றாள். களைந்த தண்ணீரை ஊற்றுவதற்குள் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவள் சொன்னதில் பாதி சரி. எனக்குப் போக வேண்டும் என்றுதான் இருந்தது. டாக்டர் ஆசையெல்லாம் பிறகு. அந்த வீட்டை விட்டுப் போக வேண்டும், அதுதான். அந்த வருடம் பொங்கலுக்கு முந்தைய வாரம் அப்பா பட்டறையிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணன் எழுந்து நின்று, “குட் ஈவ்னிங் சார்,” என்றான். அப்பா அவன் முகத்தையே பார்த்தார். பிறகு, “உக்காரு சாமி,” என்றார், ஒரு வாத்தியாரின் குரலில். அந்தக் குரல் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அண்ணன் உட்கார்ந்தான். நான் கணக்குப் புத்தகத்துக்குள் தலையைப் புதைத்துக்கொண்டேன். எப்படியாவது பாஸ் பண்ணிவிட வேண்டும், இந்த வீட்டில் இன்னும் இரண்டு வருடம் இருந்தால் நானும் கை தூக்கித் தண்ணீர் கேட்பேன் என்று தோன்றியது. இவனிடமிருந்து தப்பிக்க எனக்கு இருந்த ஒரே வழி, இவனை இப்படி ஆக்கிய இடம். அதை யோசிக்காமல் இருக்கத்தான் அவ்வளவு கணக்குப் போட்டேன்.

தேர்வு பள்ளி வளாகத்திலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணனைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது. “அம்மணிக்குப் பரீட்சை, நீயும் வாரியா சாமி?” என்று அம்மா கேட்டதற்குத் தலையாட்டினான். காலையில் பார்த்தால் எங்களுக்கு முன்பே குளித்து, வெள்ளைச் சட்டையும் கறுப்பு பேன்ட்டும் போட்டு, பெல்ட் கட்டி நிற்கிறான். அம்மாவுக்குச் சந்தோஷம். “பாத்தீங்களா, அவனே கெளம்பிட்டான்,” என்று அப்பாவிடம் இரண்டு தடவை சொன்னாள். பட்டறைக்குச் சாமான் ஏற்றுகிற ஆம்னி வேனில் போனோம். அப்பா ஓட்டினார், நான் முன்னால். பின் சீட்டில் அம்மாவும் அவனும். வழி முழுக்க அவன் முழங்காலில் கை வைத்து ஜன்னலைப் பார்த்தபடி வந்தான்.

பள்ளி பெரியது, சுத்தமானது. வாசலில் முதலிடம் பிடித்தவர்களின் படங்கள் வரிசையாக ஆள் உயரத்துக்கு நின்றன. எங்களைப்போல நூற்றுக்கணக்கான குடும்பங்கள், எல்லார் கையிலும் டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும். பெற்றோர்களை வேப்பமரத்தடியில் பந்தல் போட்டு உட்கார வைத்தார்கள். அம்மா என் நெற்றியில் விபூதி வைத்தாள். அண்ணன் அவள் பக்கத்து நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தான். போய்வருகிறேன் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அவன் எழுந்து நிற்பான், எல்லாரும் பார்ப்பார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமலே போய்விட்டேன்.

கேள்விகள் சுலபமாக இருந்தன. இரண்டாவது பக்கத்திலேயே தெரிந்துவிட்டது, இது கிடைத்துவிடும் என்று. இடக்கையால் ஒவ்வொரு வட்டமாக நிரப்பிக்கொண்டு போனேன். நடுவில் ஒரு மணி அடித்தது, நீளமாக. எங்களுக்கில்லை, எழுதுங்கள் என்றார் மேற்பார்வையாளர். வெளியே நிறையச் செருப்புகள் ஒரே சீராக நடந்து போகிற சத்தம் கேட்டது. ஒருவர்கூடப் பேசவில்லை.

நான் வெளியே வந்தபோது பந்தலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அப்பாவைக் காணவில்லை. எப்படி எழுதினாய் என்று அவள் கேட்கவில்லை. “அண்ணனைக் காணோம் கண்ணு,” என்றாள். தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வருவதற்குள் நாற்காலி காலியாக இருந்ததாம். அப்பா கேட், பாத்ரூம், கேன்டீன், வேன் நிற்கும் இடம் எல்லாம் தேடிவிட்டார். வாட்ச்மேன், ஆள் யாரும் வெளியே போகவில்லையே என்றிருக்கிறார்.

எனக்கு அந்த மணி ஞாபகம் வந்தது. அண்ணன் போட்டிருந்த வெள்ளைச் சட்டையும் ஞாபகம் வந்தது. விடுதிப் பையன்களின் கட்டடம் எது என்று ஒரு ஆயாவிடம் கேட்டுக்கொண்டு ஓடினேன். அம்மாவும் பின்னாலேயே வந்தாள். கீழ்த்தளத்தில் நீளமான ஸ்டடி ஹால். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வரிசை வரிசையாக வெள்ளைச் சட்டைகள், ஒட்ட வெட்டிய தலைகள், எல்லாம் ஒரே மாதிரி. அம்மாதான் கண்டுபிடித்தாள். மூன்றாவது வரிசையில், சுவரோரம். முன்னால் புத்தகம்கூட இல்லை. வெறும் டெஸ்க் மேல் விரலால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் அவ்வளவு நிம்மதியை இந்த ஐந்து வருடத்தில் நான் பார்த்ததில்லை.

அப்பா வந்து, உள்ளே நடந்துகொண்டிருந்த சாரிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் இளைஞர், திகைத்துப்போனார். “செக்‌ஷன் மாத்திட்டே இருப்பாங்க சார். புது முகமா இருந்தா மேல இருந்து எறங்கி வந்த பையன்னு நெனைச்சுக்குவோம்,” என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனும் அப்படித்தான் நினைத்திருக்கிறான். நகர்ந்து இடம் கொடுத்திருக்கிறான். இருபத்திரண்டு வயது ஆள் உள்ளே வந்து உட்கார்ந்ததை அத்தனை பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை. அங்கே ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே இல்லை போலிருக்கிறது.

அப்பா அவன் தோளைத் தொட்டு, “வா சாமி, போலாம்,” என்றார்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். “பெல் அடிக்கலீங்களே,” என்றான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவனாகச் சொன்ன முழு வாக்கியம்.

இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். அப்பா லேத்தில் நின்று உரமேறிய ஆள். ஆனால் அவர் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு வெளியே வந்தார். வராந்தாப் படியில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். உள்ளே பக்கங்கள் புரள்கிற சத்தம். வெயில் ஏறி எங்கள் கால்களுக்கு வந்தது. அப்பா மடியில் கையை வைத்துக்கொண்டு, “ரெண்டு தடவை சொல்லுச்சு,” என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மணி அடித்தது. பையன்கள் வரிசையாக வந்தார்கள், அண்ணனும் வரிசையில் வந்தான். எங்களைப் பார்த்ததும் நின்று, “அவுட்பாஸ் வாங்கிட்டீங்களா?” என்று கேட்டான்.

“வாங்கியாச்சு சாமி,” என்றார் அப்பா.

வேனில் ஊருக்குத் திரும்பினோம். இதைச் சொல்ல எனக்கே பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: அப்போதும் எனக்குப் போக வேண்டும் என்றுதான் இருந்தது. முன்பைவிட அதிகமாகவே இருந்தது. பின்னால் அவன் மூச்சு விடுகிற சத்தம் என் கழுத்தில் பட்டுக்கொண்டே வந்தது. நான் அங்கே போனால் அவனைப்போல ஆக மாட்டேன், எனக்கு நெஞ்சுரம் உண்டு என்று ஊர் வரும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அண்ணனும் பதினைந்து வயதில் இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பான் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

பிறகு ஒரு மதிய வேளையில் போன் வந்தது. அப்பா பட்டறையில் இருந்தார். அம்மாவின் கை மாவாக இருந்ததால் நான்தான் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்தேன். பள்ளி அலுவலகத்திலிருந்து ஒரு பெண், இனிமையான குரல். உங்கள் மகள் முதல் பட்டியலில் வந்திருக்கிறார், இந்த வாரமே வந்து சேர்க்கையை உறுதி செய்துகொள்ளுங்கள் என்றாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் போகிறேன் என்று வாயெடுப்பதற்குள் அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

“வேண்டாமுங்க,” என்றாள். “எங்க ஊட்டுல இருந்து ஒரு பையன் ஏற்கெனவே அங்கதானுங்க இருக்கறான். ஒருத்தன் போதுமுங்க.”

“அப்படீங்களா மேடம்!” அந்தப் பெண் உற்சாகமானாள். “அண்ணன் இங்க படிக்கறாருன்னா தங்கச்சிக்குச் சலுகை உண்டுங்க. அவர் எந்த செக்‌ஷன்னு சொன்னீங்கன்னா நானே பார்த்துச் சொல்றேன்.”

அம்மா மாவுக் கையோடு போன் பக்கம் குனிந்தாள். குரலை உயர்த்தவே இல்லை. எப்போதும்போல மரியாதையாகத்தான் சொன்னாள்.

“எந்த செக்‌ஷன்னு எங்களுக்குத் தெரியலீங்க. நீங்களே ஒவ்வொண்ணாப் பாருங்க அம்மணி. கெடைச்சான்னா ஊட்டுக்கு அனுப்பி உடுங்க.”